டவுன் போட்ட சதை

தோட்டத்தில் பதினெட்டு வருஷம் நான் சுமந்துபோன ரப்பர் பாலைத் தினமும் நிறுத்தார்கள். என்னை ஒரு நாளும் நிறுத்ததில்லை. முதன்முதலாக என்னைத் தராசில் ஏற்றியது மலாக்கா ஆஸ்பத்திரியில்தான். அப்போது எனக்கு முப்பத்தேழு வயது. வலது காலில் சீழ் கட்டியிருந்தது. ஊன்ற முடியாமல் மிஸியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் பக்கம் நர்ஸை மிஸி என்றுதான் கூப்பிடுவோம். தராசின் முள் நூற்றெழுபத்தெட்டு பவுண்டில் போய் நின்றது. அந்த எண்ணை மிஸி உரக்கப் படித்ததும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அது நான் இளைத்த பிறகு இருந்த எடை என்பது அவர்களுக்குத் தெரியாது.

நாலு வருஷம் ஆகிறது. என்னைப் போலத் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த பெண்கள் இன்றைக்கும் வாசலில் நின்று, "ஏன்னே தெரியல, தாகமாவே இருக்கு" என்று சொல்வதைக் கேட்கிறேன். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். குணமானவள் நன்றி சொல்வதற்காக எழுதுவது என்று நினைக்க வேண்டாம். நன்றி சொல்கிற மனநிலையில் நான் இல்லை.

எங்கள் தோட்டம் ஜாசின் பக்கம். பதினாலு வயதில் அம்மாவோடு பால் வெட்டப் போனேன். இருட்டில் எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்து, மேட்டிலும் பள்ளத்திலும் மரம் மரமாக வெட்டிக்கொண்டே போக வேண்டும். வெயில் ஏறியதும் இரண்டு வாளிப் பாலைத் தோளில் காண்டாக் கம்பில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடக்க வேண்டும். காலில் செருப்பு கிடையாது. அட்டை கடித்தாலும் முள் ஏறினாலும் ராத்திரிக்குள் ஆறிவிடும். கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கையைப் பத்து வருஷம் போட்டேன், ஒரு தையல் பிரிக்கவில்லை. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் மாதம் ஒருமுறை என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "ரத்தமே இல்ல உனக்கு" என்பார். இரும்பு மாத்திரை கொடுப்பார். வேலையைக் குறைக்கச் சொல்ல மாட்டார். அது அவர் கையில் இல்லை.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறுவருஷம் வெள்ளைக்காரர்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் தங்கள் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் வேலாயுதத்துக்கு மலாக்காவில் ஒரு சீன முதலாளியின் பலகைக் கடையில் லோரியில் ஏற்றி இறக்கும் வேலை கிடைத்தது. காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டின் பின்பாதியை வாடகைக்கு எடுத்தோம். எங்கள் ஒரே மகள் மல்லிகாவுக்கு அப்போது எட்டு வயது.

அந்த வீட்டு முற்றத்திலேயே குழாய் இருந்தது. ரொட்டிக்காரர் சைக்கிளில் வாசலுக்கு வந்தார். அரிசியை மூட்டையாகக் கடைக்காரரே கொண்டுவந்து இறக்கினார். அடுப்பிலிருந்து குழாய் வரைக்கும்தான் நான் நடக்க வேண்டிய தூரம். முதல் மாதமே எங்காவது வேலைக்குப் போகிறேன் என்று கேட்டேன்.

"நீ வெட்டின மரம் போதும் பாக்கியம்," என்றார் அவர். "இனிமே உக்காந்து சாப்பிடு. ஊரு பாக்கட்டும்."

அன்போடுதான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதனால் உட்கார்ந்தேன், சாப்பிட்டேன். தோட்டத்தில் இருந்த பசி அப்படியே இருந்தது. காலையில் டின் பால் ஊற்றிய தேத்தண்ணியும் ரொட்டியும், மத்தியானம் சோறு, நாலு மணிக்குத் தேங்காய்ப் பாலில் செய்த மலாய்ப் பலகாரம், ராத்திரி திரும்பவும் சோறு. ஒரு வருஷத்தில் வளையல் கையை விட்டுக் கழலவில்லை. அவருக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். புதுச்சேலை கட்டச் சொல்லி ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போய்ப் படம் எடுத்து, தோட்டத்தில் இன்னும் இருந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார். "டவுன் தண்ணி ஒத்துக்கிச்சு லா" என்று பதில் வந்தது.

எங்கள் வரிசையில் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள் ஆறேழு இருந்தன. பெண்கள் எல்லாரும் என்னைப் போலவே ஊதினோம். ஆண்கள் ஒருவரும் ஊதவில்லை. அவர்கள் பலகை தூக்கினார்கள், சாக்கடை வெட்டினார்கள், சைக்கிள் மிதித்தார்கள். டவுன் எங்கள் வேலையை வாங்கிக்கொண்டது. பசியை எங்களிடமே விட்டுவிட்டது. இதைப் பிறகு யோசித்துத்தான் சொல்கிறேன். அப்போது நாங்கள் ஒருத்தியின் கன்னத்தை ஒருத்தி பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

டவுனுக்கு வந்த மூன்றாம் வருஷம் மறுபடியும் கருவுற்றேன். இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும் என்றார்கள், சாப்பிட்டேன். வயிறு அவ்வளவு பெரிதாக இருந்ததால் இரட்டைப் பிள்ளை என்றார்கள். ஒன்பதாம் மாதம் பிள்ளை அசைவது நின்றது. இரண்டு நாள் கழித்துப் பிறந்தான், ஒரே பிள்ளைதான். மருத்துவச்சி துணியில் கட்டித் தொங்கு தராசில் நிறுத்துப் பார்த்தாள். பத்தேகால் பவுண்டு. கன்னம் இரண்டும் உப்பி, கையில் மடிப்பு மடிப்பாகச் சதை. அவன் மூச்சு விடவில்லை. அவ்வளவு அழகான பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை. கண் பட்டுவிட்டது என்றார்கள். என் வீட்டுக்காரர் அந்த வருஷம் முழுக்க எனக்கு இன்னும் நன்றாகச் சாப்பாடு வாங்கிப் போட்டார். வேறு எப்படி ஆறுதல் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் தாகம் வந்தது. குழாயடியில் நின்று சொம்பு சொம்பாகக் குடிப்பேன். அடிக்கடி சிறுநீர் போகும். குளியலறைத் தரையில் எறும்பு சாரை சாரையாக வரும். வீட்டில் சர்க்கரை எங்கோ கொட்டிக் கிடக்கிறது என்று மல்லிகாவைத் திட்டினேன். பிறகு இளைக்க ஆரம்பித்தேன். ஊதியபோது சந்தோஷப்பட்டவர்கள் இளைத்ததும் பயந்துபோனார்கள். என் வீட்டுக்காரர் மால்ட்டு மாவு டின் வாங்கி வந்தார். தினமும் இரண்டு வேளை, சர்க்கரை கூடுதலாகப் போட்டுக் கலக்கித் தன் கையாலேயே கொடுத்தார்.

புக்கிட் பாருவில் ஒரு கல்யாணம். அதற்காகப் புதுச்செருப்பு வாங்கினேன். வார் உரசி வலது கால் சுண்டு விரலுக்குப் பக்கத்தில் ஒரு கொப்புளம். பதினெட்டு வருஷம் வெறுங்காலோடு காட்டில் நடந்தவளுக்கு அது ஒரு புண்ணா என்று விட்டுவிட்டேன். வலியும் இல்லை. ஒரு வாரத்தில் விரல் கறுத்தது, துணியைச் சுற்றிக் கட்டிவைத்தேன். என் வீட்டுக்காரரின் தங்கை சரோஜா புக்கிட் பாருவில்தான் இருந்தாள். ஒரு நாள் பார்க்க வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணி, என்ன வாடை இது?"

எனக்கு வாடையே தெரியவில்லை. அவள் குனிந்து கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். உடனே வெளியே போய் வாடகைக் கார் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் எடை பார்த்த பிறகு ஒரு கண்ணாடிக் குவளையில் சிறுநீர் எடுத்துவரச் சொன்னார்கள். என்னைத் தாங்கிப் பிடித்திருந்த மேரி மிஸி அதில் சில சொட்டைக் கண்ணாடிக் குழாயில் இருந்த நீல நிறத் தண்ணீரில் விட்டு, குழாயைத் தீயில் காட்டிச் சூடாக்கினாள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்குப் போனது. சர்க்கரை இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே இருக்கும், செங்கல் நிறம் வந்தால் நிறைய இருக்கிறது என்று அவள்தான் சொன்னாள். மலாய்க்காரர்கள் இதை இனிப்பு மூத்திரம் என்பார்கள், தமிழில் நீரிழிவு. சாப்பிடுவதை உடம்புக்குள் சேர்க்க ஒரு சுரப்பு வேண்டும், எனக்கு அது போதவில்லை. அதனால் சர்க்கரை ரத்தத்திலேயே நின்று நரம்பை மரத்துப்போகச் செய்கிறது, புண்ணை ஆறவிடுவதில்லை. அவள் சொன்னது இவ்வளவுதான். எனக்குப் புரிந்தது.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். தமிழ் பேசுகிற டாக்டர் என்றதும் எனக்குத் தைரியம் வந்தது. அவர் காலைப் பார்த்தார், சீட்டில் இருந்த எடையைப் பார்த்தார்.

"என்ன, வீட்டில சாப்பிடுறதைத் தவிர வேற வேலை இல்லையோ?"

வெள்ளைக்கார டாக்டராக இருந்தால் எனக்குப் புரிந்திருக்காது. பதில் தொண்டை வரைக்கும் வந்து நின்றுவிட்டது. என்னை இதுவரை எத்தனை பேர் சாப்பிடச் சொன்னார்கள் என்று மட்டும் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். முடியவில்லை.

இரண்டு விரலை எடுக்க வேண்டும், தாமதித்தால் கால் போகும் என்றார். என் வீட்டுக்காரர் லோரியிலிருந்து இறங்கிய கோலத்திலேயே மரத்தூளோடு வந்து, எங்கே கையெழுத்துப் போடுவது என்று கேட்டார். போட்டுவிட்டு வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றார்.

மறுநாள் காலையில் எடுத்தார்கள். கண் விழித்தபோது காலில் பெரிய கட்டு இருந்தது. விரல் போன இடத்தில் வலி இல்லை என்பதுதான் பயமாக இருந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை பெனிசிலின் ஊசி, காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. இன்சுலின் என்பது எனக்குப் போதாமல் போன அந்தச் சுரப்பு. வெளியிலிருந்து ஊசியால் ஏற்ற வேண்டும், இனி தினமும். ஊசியைக் கொதிக்க வைக்கும் சத்தம் கேட்டாலே தொடை கூசும்.

மூன்றாம் வகுப்புப் பெண்கள் வார்டில் இருபது கட்டிலுக்கு மேல் இருக்கும். படுத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டத்திலிருந்தும் மலாய்க்காரர்களின் கிராமமான கம்பத்திலிருந்தும் வந்தவர்கள் எலும்பும் தோலுமாக ரத்தம் ஏற்றிக்கொண்டு கிடந்தார்கள். டவுன்காரிகள் கட்டில் நிறையப் படுத்திருந்தோம். நான் அந்தப் பக்கமும் இருந்திருக்கிறேன், இந்தப் பக்கமும் இருந்திருக்கிறேன். எந்தப் பக்கத்திலும் என் உடம்பை நான் கேட்டு வாங்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் கமலா என்று ஒரு சிட்டி அம்மா, எப்போதோ மலாக்காவில் குடியேறி மலாய் பேசப் பழகிப்போன தமிழ் வம்சம். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். காஜா பேராங்கில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் அவள் வீடு. நான் தமிழில் பேசினால் பாதி புரியும், அவள் மலாயில் பேசினால் எனக்குப் பாதி புரியும். அவளுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

"என் அம்மாவுக்கும் இதே," என்று மலாயில் சொன்னாள். "பெரியம்மாவுக்கும் இதே. நாங்கள் பல தலைமுறையாக டவுன்காரர்கள். வீட்டில் உட்கார்ந்து நன்றாகச் சமைப்போம். நீ இப்போதுதான் வந்திருக்கிறாய், அதற்குள் பிடித்துக்கொண்டது."

பிறகு என் காலைக் கை காட்டி, "மக்கான் சிக்கிட். ஜாலான்" என்றாள். கொஞ்சமாகச் சாப்பிடு, நட. எல்லாருக்கும் சொல்வாள். தனக்கு நடக்கக் கால் இல்லை என்பதையும் சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்குச் சிரிப்பு வராது.

நாலாம் நாள் என் வீட்டுக்காரர் மால்ட்டு மாவு டின்னோடு வந்தார். சட்டைக்குள் மறைத்து ஒரு பொட்டலம் பலகாரமும் இருந்தது. மேரி மிஸி பார்த்துவிட்டாள்.

"இது கூடாது ஐயா. அவங்களுக்கு விஷம்."

"மூணு நாளா அரைக் கிண்ணம் கஞ்சி ஊத்துறீங்க. மொகத்தைப் பாருங்க, ஒட்டிப் போச்சு," என்றார். "நான் என் பொண்டாட்டியப் பட்டினி போட இங்க கொண்டாந்து விடல."

"நீங்க ஊத்திக் குடுத்ததுதான் ஐயா விரலை எடுத்துச்சு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். அவர் டின்னைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். போகும்போது டின்னை எடுத்துக்கொண்டு போனார். அவர் முதுகைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. இரண்டும் இன்றுவரை போகவில்லை.

அந்த வாரக் கடைசியில் டாக்டர் சீட்டை எழுதிக்கொண்டே எத்தனை பிள்ளை என்று கேட்டார். ஒரு மகள் என்றேன், ஒன்று வயிற்றிலேயே இறந்தது என்றேன். எவ்வளவு எடை என்றார். பத்தேகால் பவுண்டு. அவர் எழுதுவதை நிறுத்தினார். பிறகு அதையும் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஏன் கேட்டார் என்று மேரி மிஸியைக் கேட்டேன். அவள் சொல்லத் தயங்கினாள். விடாமல் கேட்டேன்.

"அப்பவே சர்க்கரை இருந்திருக்கும்க்கா. அம்மா ரத்தத்துல இருக்கிற சர்க்கரை பிள்ளைக்கும் போகும். பிள்ளை ரொம்பப் பெருசா வளரும். சில சமயம் உள்ளயே மூச்சு நின்னுடும்."

"மொதல்லயே பாத்திருந்தா?"

அவள் என் போர்வையைச் சரி செய்தாள். "பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்க்கா."

மாதந்தோறும் வந்து வயிற்றைத் தடவிப் பார்த்த மருத்துவச்சி, நல்ல வளர்ச்சி என்று சொன்ன அக்கம்பக்கத்தார், கண் பட்டது என்றவர்கள், ஒவ்வொரு வேளையும் தட்டை நிரப்பிய என் வீட்டுக்காரர், நிரப்பிய தட்டைக் காலி செய்த நான். அந்தக் கன்னத்துச் சதையெல்லாம் நான் ஊட்டியது. அதை நான் அழகு என்று நினைத்தேன். அன்று பகல் முழுக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். கமலா தன் கட்டிலிலிருந்து கையை நீட்டி என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் டாக்டர் வந்தபோது தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது.

"டாக்டர், வேலை இல்லையான்னு கேட்டீங்க. இருந்துச்சு. பதினெட்டு வருஷம் இருந்துச்சு. அப்ப எனக்கு ரத்தம் இல்லன்னாங்க. தோட்டத்த வித்துட்டுப் போய்ட்டாங்க, வேலையும் போச்சு. இப்ப சதை அதிகம்னு சொல்றீங்க. ரெண்டுக்கும் நாந்தான் ஏச்சு வாங்கணுமா?"

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. "காலைக் கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ," என்றார். மரியாதையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அதுவே பெரிது என்று அப்போது தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

ஆறு வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆரஞ்சுப் பழத்தில் ஊசி குத்திப் பழகச் சொன்னார்கள். எனக்குப் பழத்தில் குத்த வந்தது, என் தொடையில் குத்த வரவில்லை. சரோஜா தான் கற்றுக்கொண்டு, இரண்டு மாதம் எங்கள் வீட்டிலேயே தங்கி எனக்குப் போட்டுவிட்டாள். குளிர்ப்பெட்டி ஏது எங்களிடம். இன்சுலின் பாட்டிலை ஈர மணல் நிரப்பிய மண்சட்டியில் புதைத்து வைத்து, மல்லிகா பள்ளிக்கூடம் போவதற்கு முன்னும் வந்த பின்னும் தண்ணீர் தெளிப்பாள். கமலா என்னுடன் வரவில்லை. நான் கிளம்பும்போது அவளுக்கு மற்றக் காலிலும் கட்டு போட்டிருந்தார்கள். மூன்றாம் மாதம் அவள் வீட்டு வாசலில் கூட்டம் நிற்பதைப் பார்த்துப் போனேன். கிடத்தியிருந்தவளை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். அழுகை வரவில்லை.

நடந்தேன். தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தார்கள். காஜா பேராங் சாலையில் முதல் நாள் நடந்தபோது எதிரில் வந்தவர்கள் எல்லாரும், "எங்க போறே?" என்றார்கள். எங்கும் இல்லை, நடக்கிறேன் என்றேன். இரண்டாம் நாளும் கேட்டார்கள். மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"காரணமில்லாம ஒரு பொம்பள ரோட்டுல நடந்தா என்னா பேசுவாங்க தெரியுமா? கடையில கேக்குறான், உன் பொண்டாட்டி தெனம் யாரப் பாக்கப் போறான்னு."

தோட்டத்தில் தினமும் அதைவிட எத்தனையோ தூரம் நடந்தேன். வாளியோடு நடந்ததால் யாரும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து, சந்தைக்குப் போகிறவர்கள் தூக்கும் பசார் கூடை ஒன்றை எடுத்துக்கொண்டேன். காலிக் கூடை. துக்காங் எமாஸ் தெருவரைக்கும் போய்க் கோயில் வாசலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்புவேன். யாரும் கேட்கவில்லை. நல்ல குடும்பப் பெண் பசாருக்குப் போய்வருகிறாள்.

ஒன்றரை வருஷத்தில் நாற்பது பவுண்டுக்கு மேல் குறைந்தேன். ஊசியின் அளவும் பாதியானது. மேரி மிஸி என் சீட்டைப் பார்த்துச் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்கு வெளியே என்னைப் பார்த்துச் சிரித்தவர் யாரும் இல்லை. சொந்தத்தில் ஒரு காதுகுத்துக்குப் போனோம். பந்தியில் உட்கார்ந்ததும் ஒரு பெண் என் கையை விரலால் சுற்றிப் பிடித்துப் பார்த்தாள். "ஐயோ பாவம், எப்படி இருந்தவ. வேலாயுதம், வீட்ல சோறு போடுறியா இல்லையா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எழுந்து கைகழுவப் போனவர் பந்திக்குத் திரும்பி வரவில்லை.

வீட்டில் அன்றைக்குச் சாயங்காலம் அவரே சோறு போட்டார். என் தட்டில் குவித்து வைத்து எதிரில் உட்கார்ந்தார். "இன்னிக்கு ஒரு நாள் வயிறாரச் சாப்பிடு. எனக்காக," என்றார். பலகை தூக்கித் தூக்கித் தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு நின்றது அவருக்கு. அவரை யாரும் சோறு போடுகிறார்களா என்று கேட்பதில்லை. நான் கால்பங்கை ஒதுக்கிக்கொண்டு தட்டைத் தள்ளினேன். பிள்ளை ஏன் இறந்தான் என்று அதுவரை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அன்று சொன்னேன். மேரி மிஸி சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பிறகு என் தட்டில் இருந்த மீதிச் சோற்றைத் தன் தட்டில் கொட்டிக்கொண்டு, தலை நிமிராமல், ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் காலையில் நான் கிளம்பும்போது அவர் வாசலில் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பசாருக்கா?" என்றார்.

"இல்லை. நடக்கப் போறேன்."

கொஞ்ச நேரம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, போய்ட்டு வா," என்றார். நான் படி இறங்கியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கூடைய எடுத்துக்க."